வெறும் தூக்கைத் திருப்பக் கூடாது

டீச்சர் வீட்டுத் தூக்கு எங்கள் அடுக்களை மேடையில் ஐந்து நாளாக உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலை அது வந்தபோது உள்ளே கலகலாவும் அச்சுமுறுக்கும், மேலே பட்டர் பேப்பரில் சுற்றிய பிளம் கேக்கும் இருந்தன. கேக் அன்றைக்கே காலி. கலகலா மறுநாள் மத்தியானம் வரை தாங்கியது. அதற்கப்புறம் கழுவிக் கவிழ்த்த தூக்கு, கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்கார்ந்த மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அத்தை கொடுத்தனுப்புவார்.

அத்தை என்றால் என் மாமியார். எதிர்வீட்டு டீச்சர், பணி ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் தெரு முழுக்க டீச்சர்தான். பிறந்த ஊர் பொறையார். பக்கத்தில்தான் தரங்கம்பாடி. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கிய கடற்கரை, 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் என்று பேச ஆரம்பித்தால் டீச்சர் நிறுத்தமாட்டார். அந்த ஊர்க் கைப்பக்குவம்தான் அவர் கலகலாவுக்கு. முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டி, சோழி சோழியாக எடுப்பார். தீபாவளிக்கு நாங்கள் அதிரசமும் முள்ளுமுறுக்கும் கொடுப்போம், கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுப்பார். கணக்கு அத்தோடு நேராகிவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "தீவாளித் தூக்கு வேற, இது வேற. அதுல எதையாச்சும் போட்டுக் குடு" என்றுவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை வேறு. என் பெண், கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு, சென்னையிலிருந்து வந்திருந்த டீச்சரின் பேரப்பிள்ளைகள் மூன்று, தெருவில் மிச்சம் இருப்பது என்று பதினான்கு உருப்படி. 31ஆம் தேதி சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் பார்ட்டி என்று அவர்களே முடிவு செய்து, என்ன வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் வரியில் 'சாக்லேட்', அடிக்கோடு போட்டு. சரி, தூக்குக்கும் அதுவே ஆயிற்று என்று இறங்கினேன்.

எங்கள் வீட்டில் கேக் சுடுகிற 'அவன்' அடுப்பு கிடையாது. மாயவரத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் கிடையாது. கேக் வேண்டுமென்றால் பேக்கரி, இல்லையென்றால் குக்கரில் மணலோ உப்போ கொட்டிக் கேஸ்கட்டைக் கழற்றிவிட்டுச் செய்கிற வித்தை. ஆகையால் அவனில்லாத சாக்லேட் பண்டங்கள் என்று தேடினேன். வந்து குவிந்தன. பிரேசில்காரர்கள் சுண்டிய பாலையும் கொக்கோவையும் வெண்ணெயையும் கிளறி உருட்டி பிரிகடேரோ என்கிறார்கள். இத்தாலியிலும் போர்ச்சுக்கலிலும் பிஸ்கட்டை உடைத்துச் சாக்லேட்டில் பிசைந்து உருளையாகச் சுருட்டி வில்லை போடுகிறார்கள், பெயர் சாக்லேட் சலாமி. எல்லாக் குறிப்பிலும் 'அவன் தேவையே இல்லை' என்று ஏதோ வரம் கொடுத்த மாதிரி முதல் வரி. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "எள்ளுருண்டைக்கும் பொரிவிளங்காய்க்கும் யாரு அவன் வச்சிருந்தா?" என்றார். நியாயம்தான். மாலாடு, பொரியுருண்டை, கடலையுருண்டை என்று நம் உருண்டைகளில் ஒன்றாவது அடுப்புக்குள் வெந்திருக்கிறதா?

அந்த நியாயத்தை முழுக்க நம்பியதால்தான் முதல் நாள் கெட்டது. அதற்கு முன்னால் போன வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கடையில் நல்ல சாக்லேட் கட்டிகளாகப் பார்த்து வாங்கி, உருக்கி, முந்திரியைப் போட்டுத் தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தேன். உறைந்தது என்னவோ உறைந்தது. ஆனால் மேலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போய், தொட்ட விரலெல்லாம் ஒட்டியது. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக் கூடியது. அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும், உடைத்தால் 'டக்' என்கிற சத்தமும், வாயில் போட்டதும் கரைகிற குணமும் தருவது. அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில். உருக்கிவிட்டு ஏனோதானோவென்று ஆறவிட்டால் மற்ற விதங்கள் வந்து குடியேறிவிடும். நெய் உருக்குகிறவர்களுக்கு இது புரியும். ஒரே நெய்தான். மெல்ல ஆறினால் மணல் மணலாக உறையும், சட்டென்று குளிரவைத்தால் மொழுமொழுவென்று போகும். சாக்லேட்டைச் சரியாகப் பழக்கி ஆறவைக்க வெப்பமானியும் பொறுமையும் குளிர்ந்த அறையும் வேண்டும். மூன்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அதனால் இந்த முறை மணிக்கூண்டுப் பக்கம் போய், கேக் சாமான் விற்கிற கடையில் காம்பவுண்ட் சாக்லேட் கட்டி வாங்கினேன். 400 கிராம், டார்க். சாக்லேட் தெரிந்தவர்கள் இதை மதிப்பதில்லை. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனை விதை எண்ணெயைக் கெட்டிப்படுத்திய கொழுப்பைப் போட்டிருப்பார்கள். வாயில் கொஞ்சம் மெழுகு மாதிரி தங்கும், உண்மைதான். ஆனால் இதைப் பழக்கத் தேவையில்லை. உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். பதினான்கு பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் கொடுக்கப்போகிற பண்டத்துக்கு இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவதாக இருந்தால் அது வேறு விஷயம்.

30ஆம் தேதி காலை. விடியற்காலத்தில் மார்கழி பஜனை ஒலிபெருக்கி, அப்புறம் கோவிலிலிருந்து தொன்னையில் வெண்பொங்கல், அது முடிந்து பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். குண்டானில் இரண்டு அங்குலத் தண்ணீர், அதன் மேல் வாயகன்ற எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்தின் அடி தண்ணீரில் படாமல். சாக்லேட்டைக் கத்தியால் சீவிப் பாதியை, அதாவது 200 கிராமை, கிண்ணத்தில் போட்டேன். அடுப்பைச் சிம்மில் வைத்தேன். அழகாக உருகியது. கரண்டியை எடுத்தால் பட்டுநாடா மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு உருண்டை என்றால் பாகு, பாகு என்றால் தண்ணீர். பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டு உருட்டிப் பார்ப்பார், கை சுடாமலிருக்கத் தண்ணீரைத் தொட்டுக்கொள்வார். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில் கையைச் சொம்பில் நனைத்துக்கொண்டு கரண்டியை வாங்கினார். கை விரலிலிருந்து வழிந்தது அதிகம் போனால் ஒரு தேக்கரண்டி இருக்கும். இரண்டு சுற்றுச் சுற்றியதும் பட்டுநாடா போயே போய்விட்டது. சாக்லேட் திரிதிரியாகத் திரண்டு, கருப்பட்டி மண்டி மாதிரி கரண்டியில் அப்பிக்கொண்டது. எண்ணெய் ஓரத்தில் தனியாகப் பிரிந்து நின்றது. "என்னா இது, இப்புடி மொறைச்சிக்கிட்டு?" என்றார் அத்தை. எனக்கு அழுகைதான் வந்தது. சொல்லவும் முடியாது, மாமியார்.

பிறகு யோசித்தால் விஷயம் எளிமையானது. சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய சர்க்கரையும் கொக்கோத் தூளும். உள்ளே ஈரமே கிடையாது. அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை டப்பாவுக்குள் ஈரக்கரண்டியைப் போட்டால் கட்டி கட்டியாகுமே, அதேதான். வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் தண்ணீர்தான் எதிரி. நிறையத் தண்ணீர் பரவாயில்லை. 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவில் சூடான பாலை ஊற்றிக் கிண்டினால், ஒட்டிக்கொண்டதெல்லாம் கரைந்து மறுபடி குழம்பு மாதிரி இளகி வந்துவிடும். ஆனால் அது பழையபடி கெட்டியாக உறையாது.

பாலைச் சூடுபண்ணிக் கரண்டி கரண்டியாக விட்டேன். நாலாவது கரண்டியில் முறைப்பு தெளிந்து பளபளவென்று வந்தது. சரி, உறையாத சாக்லேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இத்தாலிய உருளை ஞாபகம் வந்தது. மேரி பிஸ்கட் 200 கிராம், பிள்ளைகளிடம் கொடுத்துக் கையாலேயே உடைக்கச் சொன்னேன். மிக்ஸியில் போட்டால் மாவாகிவிடும். கடுகளவும் வேண்டும், கட்டைவிரல் நகமளவும் வேண்டும். வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, நெய்யில் வறுத்த முந்திரி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தால் கொழுக்கட்டைப் பூரணம் பதத்துக்கு வந்தது. சுருட்டுவதற்கு பட்டர் பேப்பர் வேண்டும் என்கிறது குறிப்பு. வீட்டில் இருந்தது டீச்சர் கேக் சுற்றி அனுப்பிய ஒரு துண்டுதான்.

இங்கேதான் அத்தை தன் தப்புக்கு ஈடு கட்டினார். கொல்லையிலிருந்து ஒரு நுனியிலையை அறுத்துக்கொண்டு வந்து, துணியால் இரண்டு பக்கமும் ஈரம் போகத் துடைத்தார். நடு நரம்பைச் சீவி எடுத்தார். அடுப்புத் தணலில் இலையைக் காட்டி மெல்ல இழுத்துக்கொண்டே போனார். வெளிர்ப் பச்சை போகிற போக்கில் கரும்பச்சையாகி, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்து, கிழியாமல் துணி மாதிரி மடிய ஆரம்பித்தது. வாட்டின இலையின் வாசனை அடுக்களை முழுக்க. கட்டுச்சோறு கட்டின கை. கலவையை நீளமாக வைத்து, முன்னும் பின்னும் உருட்டி, இரண்டு முனையையும் மடித்து, வாழைநாரால் மூன்று இடத்தில் கட்டினார். பார்ப்பதற்கு எங்கேயோ பிரயாணம் கிளம்புகிற புளியோதரைப் பொட்டலம்தான். மூன்று உருளை வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்தோம்.

மறுநாள் நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று. இலையின் நரம்புக் கோடுகள் சாக்லேட்டின் மேல் வரிவரியாக, நெருக்கமாக, பட்டுக்கரை நெய்த மாதிரி பதிந்திருந்தன. பட்டர் பேப்பரில் சுற்றியிருந்தால் இது கிடைத்திருக்காது. அரை அங்குல வில்லைகளாக அறுத்தால் கருப்புக்குள் பிஸ்கட்டும் முந்திரியும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. லேசாக இலை வாசனை. பிடிக்காதவர்களும் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்து யாரும் வேண்டாம் என்று வைக்கவில்லை.

மிச்சம் 200 கிராம் சாக்லேட்டில் பொரிக் கொத்து செய்தேன். இதற்கு வெளிநாட்டுக் குறிப்பில் அரிசி கிரிஸ்பிஸ் என்று ஒன்று போடுகிறார்கள். அது என்னவென்று பார்த்தால் நம் பொரிக்குத் தூரத்துச் சொந்தம். கார்த்திகைத் தீபத்துக்கு வாங்கிய அவல் பொரி பாதி டப்பா இருந்தது. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்த ஊரில், மார்கழிக் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. திறந்து வைத்த பொரி ஒரு மணி நேரத்தில் நமுத்துப் போகும். நமுத்த பொரியைச் சாக்லேட்டில் போட்டால் தெர்மோகோலைத் தின்கிற மாதிரி இருக்கும். வெறும் வாணலியில் சின்னத் தீயில் மூன்று நிமிடம் புரட்டினேன். வாயில் போட்டால் சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். முழுக்க ஆறினபிறகு இரண்டு கோப்பைப் பொரி, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை அரைக் கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், காம்பவுண்டின் அசட்டுத் தித்திப்பை அதுதான் அடக்கும். உருக்கிய சாக்லேட்டில் கலந்து, தேக்கரண்டியால் அள்ளி அள்ளித் தட்டில் வைத்தோம். இந்த முறை சொம்பை அடுக்களைக்கு வெளியே வைத்தாயிற்று.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒன்று. பல குறிப்புகளில் சாக்லேட்டைத் தேங்காய் எண்ணெயோடு கலந்து உறையவைக்கச் சொல்வார்கள். குளிர் ஊர்களில் அது கட்டியாக இருக்கும் பொருள். 24, 25 டிகிரிக்கு மேல் போனால் உருகிவிடும். நம் ஊரில் மார்கழி விடியலில் மட்டும் புட்டியில் உறைந்து, தலைக்குத் தடவ வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எட்டு மணிக்கெல்லாம் இளகிவிடும். அப்படிப்பட்ட எண்ணெயை நம்பிப் பண்ணின பண்டம் மொட்டைமாடியில் எவ்வளவு நேரம் நிற்கும்? பளபளப்புக்கு அரைத் தேக்கரண்டி போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவதாகச் செய்ததுதான் தூக்குக்கென்று செய்தது. அதில் சாக்லேட்டே கிடையாது, கொக்கோத் தூள் மட்டும். அத்தையின் மாலாடு அப்படியே. பொட்டுக்கடலையை வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, பொடித்து, சலித்த மாவு ஒரு கோப்பை, பொடித்த சர்க்கரை முக்கால் கோப்பை, இனிப்புச் சேர்க்காத கொக்கோ இரண்டு மேசைக்கரண்டி. கால் கோப்பை நெய்யைக் காய்ச்சி முதலில் கொக்கோவின் மேல் விட்டுக் கிளறினேன். சுடுநெய் பட்டதும் பச்சை வாசனை போய்க் கொக்கோவின் மணம் எழும்பிற்று. அப்புறம் மாவும் சர்க்கரையும். சூடு கை பொறுக்கிற அளவில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு கரண்டி நெய். ஏலக்காய் போடலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாமென்றேன். நான் திரும்பினபோது போட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. இந்த உருண்டைக்குக் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், பகல் 29 டிகிரியானாலும் தட்டில் நிற்கும். மூன்றில் ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

31ஆம் தேதி பார்ட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டு, நாற்காலி ஆட்டம், நடுவில் ஒரு சண்டை, ஒரு அழுகை. ஒரே ஒரு காரியத்தில் கவனமாக இருந்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்கக் கூடாது. நம் காற்றின் ஈரம் குளிர்ந்த சாக்லேட்டின் மேல் வியர்வையாகப் பூத்து, காய்ந்தபிறகு சர்க்கரை வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்து, வியர்ப்பதெல்லாம் டப்பாவின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும் என்று விட்டேன். பிள்ளைகள் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து அதைக் காவல் காத்தார்கள். என் பெண் ஒரு தரம் மூடியில் காதை வைத்துக் கேட்டாள், எதற்கென்று தெரியவில்லை.

முதலில் தீர்ந்தது பொரிக் கொத்து. இலை உருளைக்கு இரண்டாம் ரவுண்டில்தான் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் ஒரு வில்லைகூட மிஞ்சவில்லை. "அப்பாயி தண்ணி ஊத்தினதாலதான் இது நல்லா வந்திச்சு" என்று என் பெண் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அத்தை மறுக்கவில்லை. அதற்கப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் வேண்டுமென்றே ஊற்றின மாதிரிதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தூக்கில் மாலாட்டை அடுக்கி, மேலே இலை உருளையில் தனியாக எடுத்து வைத்திருந்த ஆறு வில்லைகளையும் வைத்து, இரவு எட்டு மணிக்கு அவர்கள் ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, இதுல கட்டுச்சோத்து வாசனை அடிக்குதே?" என்றார். சாப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் தேதி காலை தூக்கு திரும்ப வந்துவிட்டது. உள்ளே பாதி அளவுக்குக் கலகலா, அதன் மேல் நாலாக மடித்த ஒரு சீட்டு. டீச்சர் கையெழுத்து, சிவப்பு மை: 'வாழையிலை அயிட்டம் மிக நன்று. அளவும் செய்முறையும் விவரமாக எழுதி அனுப்பவும்.' சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 400 கிராம் காம்பவுண்ட் என்று எழுதி, அதில் பாதியில் அத்தை கை நனைத்துக்கொண்டு வந்த இடத்துக்கு வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது.